பஞ்சமும் பேச்சும்: சீன, மேலைச் சமுதாயங்களைக் கற்ற ஒரு மாணவனின் சிந்தனைகள்

(வாசிகசாலை ஒன்றின் மாதாந்தக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சீன தேசத்தை நான் கண்டவனல்லன். சீன மொழியும் அறியேன். பல்கலைக்கழகத்திலே சீனச் சமுதாயத்தையும் மேலைநாட்டுச் சமுதாயத்தையும் ஒப்பிட்டுக் கற்பிக்கும் பாடநெறி ஒன்றை ஓராண்டுக் காலம் கற்றேன், அவ்வளவே. அக்கல்வி என் உள்ளத்தில் எழுப்பிய சிந்தனைகளை உங்கள் முன்னிலையில் எடுத்துரைக்குமாறு இவ்வாசிகசாலையினர் பணித்தனர். பெரியோர் பொறுமையுடன் செவிமடுப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன் தொடங்குகின்றேன்.

சீனம் நமக்கு முற்றிலும் அந்நியமான தேசமென எண்ணுதல் வேண்டா. கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர் அங்கே ஒரு கல்லைக் காணலாம். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொணர்ந்த கல் அது. 1911இல் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டது. அதிலே சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவுந்தரையிலே கோயில் கொண்டிருந்த தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாக அளித்தமையைக் கூறுகின்றன. தமிழன் படிப்பான் என்று எண்ணியே சீனத்தவன் தமிழிற் கல் வெட்டுவித்தான். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நாம் அவன் நாட்டைப் பற்றிச் சற்றே படிப்பதில் வியப்பில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம்.

"கீழைத்தேயத்தான் குடும்பத்துக்காக வாழ்கிறான், மேலைத்தேயத்தான் தனக்காக வாழ்கிறான்" என்பது மேடைதோறும் நாம் கேட்கும் வாசகம். எங்கள் விரிவுரையாளர் முதல் வாரத்திலேயே அவ்வாசகத்தைக் கரும்பலகையில் எழுதி, "இதனை ஆண்டிறுதிவரை எவரும் பயன்படுத்தலாகாது" என்று விதித்தார். ஏன்? ஒப்பீடு என்ற பெயரால் நிகழும் அநியாயங்களுள் பெரியது, ஒருவனுடைய இலட்சியத்தை எடுத்து மற்றவனுடைய நடைமுறையோடு நிறுத்துப் பார்ப்பது. கன்பூசியசின் போதனையை ஒரு தட்டிலும் மான்செஸ்ரர் ஆலைத் தொழிலாளியின் குடிசையை மறு தட்டிலும் இட்டால் சீனம் வெல்லும். ஜோன் ஸ்டூவர்ட் மில்லின் நூலையும் சீனப் பெண்ணின் கட்டப்பட்ட பாதத்தையும் இட்டால் இங்கிலாந்து வெல்லும். இரண்டும் கள்ளத் தராசு.

ஐரோப்பியரே இத்தராசை எவ்வளவு எளிதாகச் சாய்த்தனர் என்பதைக் கவனியுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலே வோல்த்தயர் சீன அரசை அறிவின் ஆட்சியென்று புகழ்ந்தார். கெனே என்ற பிரெஞ்சுப் பொருளியலறிஞரை அவர் சீடர்கள் "ஐரோப்பாவின் கன்பூசியஸ்" என்றே அழைத்தனர். அடுத்த நூற்றாண்டில் ஹேகல் முதலியோருக்கு அதே சீனம் உறைந்து கிடக்கும் தேசமாயிற்று. இடையிலே சீனம் அவ்வளவு மாறிவிட்டதா? ஐரோப்பாவின் தேவைதான் மாறியது. முன்னர் தம் மன்னரைக் கண்டிக்க ஒரு நல்ல உதாரணம் வேண்டியிருந்தது. பின்னர் அபினிக் கப்பலை அனுப்ப ஒரு நியாயம் வேண்டியிருந்தது. அண்மைக் காலத்தில், 2000ஆம் ஆண்டிலே, கென்னத் பொமரான்ஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் முழுச் சீனத்தை முழு ஐரோப்பாவோடு ஒப்பிடுவதை விடுத்து, யாங்சி ஆற்றுக் கழிமுகத்தை இங்கிலாந்தோடு ஒப்பிட்டார். 1750 அளவில் அவ்விரு பகுதிகளின் வாழ்க்கைத் தரமும் பெரிதும் வேறுபடவில்லை என்பது அவர் வாதம். அதனை மறுப்போரும் உளர். ஆயினும் ஒத்ததை ஒத்ததோடு வைக்கும் முறை எங்கள் பாடநெறி முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று.

ஓராண்டிலே கேட்டவற்றுள் என் மனத்தை விட்டு அகலாத உவமை ஒன்றைச் சொல்கின்றேன். அதனைச் சொன்னவர் மேலைநாட்டவரல்லர். பெய் சியாவோ துங் என்ற சீனச் சமூகவியலறிஞர். யாங்சிக் கழிமுகப் பிரதேசத்தில் 1910இல் பிறந்து, இலண்டனிலே மலினோவ்ஸ்கியிடம் கற்று, தம் நாட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி 1939இல் ஆங்கில நூல் வெளியிட்டவர். 1940களின் பிற்பகுதியில் அவர் எழுதிய கட்டுரைகளிலே இவ்வுவமை வருகின்றது.

மேலைச் சமுதாயம் வைக்கோற் கட்டுப் போன்றது என்றார் அவர். சில தாள்கள் சேர்ந்து ஒரு கைப்பிடி. கைப்பிடிகள் சேர்ந்து ஒரு கற்றை. கற்றைகள் சேர்ந்து ஒரு கட்டு. கட்டுகள் சேர்ந்து ஒரு போர். ஒவ்வொரு தாளும் எந்தக் கட்டைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. கட்டுக்குள் இருப்பவர் யாவரும் சமம். கட்டுக்கு வெளியே இருப்பவர் வெளியார். சீனச் சமுதாயமோ குளத்திலே கல்லெறிந்தாற் போன்றது. கல் விழுந்த இடத்திலிருந்து வளையம் வளையமாக அலை விரிகின்றது. நடுவிலே நான், அடுத்த வளையம் என் வீடு, அடுத்தது உற்றார், பின்னர் ஊரார், அதற்கப்பால் அலை மெலிந்து மறைகின்றது. ஒவ்வொருவரும் தத்தம் குளத்துக்கு நடு. செல்வாக்குடையவனின் அலை தூரம் செல்லும். ஏழையின் அலை அடுத்த வீட்டு வேலியோடு நின்றுவிடும். ஆகவே, "இவன் என்னவனா?" என்ற கேள்விக்கு அங்கே நிலையான விடையில்லை, ஆளையும் வேளையையும் பொறுத்தே விடை.

கூர்ந்து நோக்குவீர்களாயின், குடும்பத்துக்காக வாழ்வதும் தனக்காக வாழ்வதும் என்ற பழைய வாசகத்தை இவ்வுவமை தலைகீழாக்குவதைக் காண்பீர்கள். குளத்தின் நடுவிலே இருப்பது "நான்" அன்றோ? குடும்பத்தைப் பேணுபவன் ஊரை மறக்கலாம். ஊரைப் பேணுபவன் நாட்டை மறக்கலாம் என்பதைப் பெய் அவர்கள் கசப்போடு எழுதினார். தம் மக்களைப் புகழ்வதற்காக எழுதியவரல்லர் அவர்.

அரச சேவையிலே இருக்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. போட்டிப் பரீட்சை எழுதி உத்தியோகம் பெறும் வழக்கம் வெள்ளைக்காரன் நமக்குத் தந்த வரம் என்று பலர் கருதுகின்றனர். சீனத்திலே அது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்து, 1905இல் ஒழிக்கப்படும்வரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நிலவியது. நான்கிங் நகரின் பரீட்சை மண்டபத்தில் மட்டும் 20,000க்கு மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. பெயரை மறைத்து, விடைத்தாளை எழுத்தர் படியெடுத்த பின்னரே பரீட்சகரிடம் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. சீனத்தில் இருந்த ஆங்கிலேய உத்தியோகத்தரான மெடோஸ் என்பவர் 1847இலே, இம்முறையைப் பிரித்தானியாவும் கைக்கொள்ள வேண்டுமென நூலெழுதி வலியுறுத்தினார். 1854இல் வெளியான நோர்த்கோட் – திரெவெலியன் அறிக்கை, பிரித்தானிய அரச சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சையைச் சிபார்சு செய்தது. சீனத்தின் செல்வாக்கு அதில் எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. உண்டு என்பதை ஆராய்ந்தோர் நிறுவியுள்ளனர். அவ்வறிக்கையை எழுதிய இருவருள் ஒருவரான சார்ள்ஸ் திரெவெலியன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தவரும் அவரே. சற்று நேரத்தில் வேறோர் இடத்தில் அவரைச் சந்திப்போம்.

பரீட்சையிலே தேறிய அந்த உத்தியோகத்தர் என்ன செய்தனர்? கமக்காரப் பெரியோர் அறிய விரும்புவது இதுவேயாகும்.

கிறித்துவுக்கு முன் 54ஆம் ஆண்டளவிலேயே சீனத்தில் "நிலைவிலைக் களஞ்சியம்" என்ற ஏற்பாடு தோன்றியது. அறுவடைக் காலத்திலே தானியம் மலிந்து விலை விழும்போது அரசு வாங்கிச் சேமிக்கும். பஞ்சமாதங்களில் விலை ஏறும்போது அதனை விற்று விலையைத் தணிக்கும். வியாபாரி மலிவாக வாங்கிப் பதுக்கி, கமக்காரனுக்கே மீண்டும் இருமடங்கு விலைக்கு விற்கும் கொடுமையைத் தடுக்க எழுந்த திட்டம் இது. பதினெட்டாம் நூற்றாண்டிலே ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய களஞ்சியம் இருந்தது. மாகாண அதிகாரிகள் மாதந்தோறும் தானிய விலையையும், பெய்த மழை எவ்வளவு என்பதையும் பேரரசனுக்கு எழுதியனுப்ப வேண்டும். அக்கடிதங்கள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

1743இல் பீக்கிங் நகரைச் சூழ்ந்த மாகாணத்தில் மழை பொய்த்தது. அப்போது நிகழ்ந்ததைப் பியேர் எத்தியேன் வில் என்ற பிரெஞ்சு அறிஞர் 1980இல் வெளியான நூலிலே விரிவாக ஆராய்ந்துள்ளார். அதிகாரிகள் ஊர் ஊராகச் சென்று, பத்திலே எத்தனை பங்கு பயிர் அழிந்தது என்று கணக்கெடுத்தனர். வீடு வீடாகப் பெயரெழுதிச் சீட்டுக் கொடுத்தனர். பெரியவர்க்கு ஒரு பங்கும் சிறுவர்க்கு அதிற் பாதியும் தினசரி அளவாக விதித்து, மாதாமாதம் அளந்தனர். உள்ளூர்க் களஞ்சியம் வற்றியபோது, தெற்கேயிருந்து பெருங்கால்வாய் வழியாக வந்து தலைநகரருகே சேமிக்கப்பட்டிருந்த அரிசி திறக்கப்பட்டது. சுமார் 20 இலட்சம் மக்கள் எட்டு மாதங்கள்வரை இவ்வாறு உயிர் காக்கப்பட்டனர். அப்பணியை நடத்தியோருள் ஒருவரான பாங் குவான்செங் அதன் ஆவணங்களையெல்லாம் பின்வருவோருக்குப் பயன்படுமாறு நூலாகத் தொகுத்து வைத்தார்.

அக்காலத்து ஐரோப்பாவில் இதற்கு ஈடான ஒன்றை நான் படித்ததில்லை. ஆயினும் அன்றைய பேரரசன் சியன்லுங்கை அருளாளனென்று கொண்டாடுதல் வேண்டா. தன் குலத்துக்கு ஒவ்வாத நூல்களைத் தேடித் தேடி எரித்தவனும் அவனே. களஞ்சியங்களும் அடுத்த நூற்றாண்டில் ஊழலாலும் போராலும் வெறுமையாயின. 1876 முதல் 1879 வரை வடசீனத்தைத் தாக்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் மாண்டனர். இன்னுமொரு வேடிக்கை: 1911இல் சீன மாணவர் ஒருவர் அமெரிக்காவிலே கன்பூசியசின் பொருளியல் பற்றி எழுதிய ஆய்வு நூலைப் படித்தே, அமெரிக்க விவசாய அமைச்சர் ஹென்றி வாலஸ் இக்களஞ்சியத் திட்டத்தை அறிந்தார், 1938ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயச் சட்டத்தில் அது இடம்பெற்றது.

இனி, ஒத்ததை ஒத்ததோடு வைக்கும் விதிப்படி, பஞ்சத்தைப் பஞ்சத்தோடு வைப்போம். அயர்லாந்துக்குச் செல்வோம்.

1845இலே அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரிலே ஒரு நோய் விழுந்தது. 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 1851இல் 65 இலட்சமே எஞ்சினர். பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர்; ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறினர். இது எங்கே நடந்தது? உலகத்தின் முதற் செல்வந்த அரசின் உள்ளே நடந்தது. 1801 முதல் அயர்லாந்து சட்டப்படி ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதி. அதன் 105 பிரதிநிதிகள் வெஸ்ற்மின்ஸ்ரர் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தனர். பத்திரிகைகள் மறைத்தனவா? இல்லை. ஸ்கிபரீன் ஊரின் பிணங்களை இலண்டன் சஞ்சிகை சித்திரத்தோடு வெளியிட்டது. குவேக்கர் சபையினர் நேரிற் சென்று கண்டு எழுதினர். பாராளுமன்றத்திலே பேச்சு இரவிரவாக நடந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அக்காலத்திலே பிரித்தானியத் திறைசேரியில் நிவாரணத்தின் கடிவாளத்தைக் கையிற் பிடித்திருந்தவர் யார்? நாம் முன்னர் கண்ட அதே சார்ள்ஸ் திரெவெலியன். சந்தையின் இயல்பான ஓட்டத்தைக் கெடுத்தலாகாது, இலவச உணவு மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பன அவர் கொள்கை. துறைமுகங்களிலிருந்து ஓட்சும் வெண்ணெயும் கால்நடையும் ஏற்றுமதியாயின. பசித்தவன் தெருப்போட்டுக் கூலி பெற வேண்டுமென விதித்தனர். 1847 மார்ச்சில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வேலையில் நின்றனர். அது தோல்வியுற்றதும் கஞ்சித்தொட்டி திறந்தனர். 1847 யூலையில் நாளொன்றுக்கு 30 இலட்சம் பேர் அங்கே உண்டனர். அன்பர்களே, அதனைக் கவனியுங்கள்! செய்ய முடியும் என்பதை அவர்களே நிரூபித்தனர். நிரூபித்த சில மாதங்களுக்குள் அதனை மூடிவிட்டு, இனி அயர்லாந்தின் வறியோரை அயர்லாந்தின் வரியே தாங்கட்டும் என்று கைகழுவினர். அடுத்த ஆண்டு திரெவெலியனுக்குச் சேர் பட்டம் கிடைத்தது.

வைக்கோற் கட்டு உவமைக்கு இங்கே என்ன நேர்ந்தது? சட்டத்திலே அயர்லாந்துக்காரனும் அதே கட்டின் தாள்தான். பாராளுமன்றத்திலே ஆசனமும் உண்டு. வாய்விட்டுப் பேசும் உரிமையும் உண்டு. கட்டை அவிழ்த்துப் பார்த்தால், ஆங்கிலேயன் உள்ளத்திலும் குளத்து அலைதான் ஓடியது. அது ஐரிஷ் கடலைக் கடக்கவில்லை. யோர்க்ஷயரிலே இவ்வாறு பத்து இலட்சம் பேர் சாக இலண்டன் பார்த்திருக்குமா? இக்கேள்வியை வகுப்பிலே ஒரு மாணவி எழுப்பினாள். நீண்ட நேரம் எவரும் பேசவில்லை.

மீண்டும் சீனத்துக்கு வருவோம்.

1949இல் அமைந்த புதிய அரசு நிலத்தை உழுபவனுக்குப் பகிர்ந்தளித்தது. கல்வியும் சுகாதாரமும் கிராமங்களுக்குச் சென்றன. இவை பொய்யல்ல. ஆனால் 1952இல் பல்கலைக்கழகங்களில் சமூகவியல் துறை ஒழிக்கப்பட்டது. விஞ்ஞான சோசலிசம் இருக்கையில் சமூகவியல் எதற்கு என்றனர். 1957இல் பெய் சியாவோ துங் தாம் முன்னர் ஆராய்ந்த கிராமத்துக்கு மீண்டும் சென்று, கமக்காரர் நிலையை உள்ளவாறு எழுதினார். அவ்வாண்டே அவர் "வலதுசாரி" என்று முத்திரை குத்தப்பட்டார். அவரைப் போலவே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட படித்தவர்கள் முத்திரை குத்தப்பட்டனர். கிராமத்தை அறிந்தவர்களின் வாயை அடைத்த பின்னரே, அடுத்த ஆண்டு "மாபெரும் பாய்ச்சல்" தொடங்கியது.

1958இல் குடும்பங்களின் நிலம் கம்யூன்களிலே கரைந்தது. வீட்டடுப்பு அணைந்து பொதுச் சமையலறை வந்தது. சட்டிபானைகள் உருக்குலைக்குப் போயின. வயலிலே என்ன விளைந்தது என்ற கணக்கு, கிராமத்திலிருந்து மேலே செல்லச் செல்ல வளர்ந்தது. குறைத்துச் சொன்னவன் பிற்போக்காளன்; கூட்டிச் சொன்னவன் வீரன். அவ்வாண்டின் தானிய விளைச்சல் 37 கோடி 50 இலட்சம் தொன் என்று பறைசாற்றினர். பின்னர் அரசே ஒப்புக்கொண்ட தொகை 20 கோடி. இல்லாத விளைச்சலுக்கு அரசு பங்கு கேட்டது. இருந்த விதைநெல்லையும் உண்ணும் நெல்லையும் கொடுத்தே அப்பங்கை நிறைவு செய்ய வேண்டியதாயிற்று. 1959இல் விளைச்சல் 17 கோடித் தொன்னாகவும் 1960இல் 14 கோடி 35 இலட்சமாகவும் வீழ்ந்தது. ஹோனான் மாகாணத்துச் சின்யாங் பகுதியில், 80 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அங்கே அரச களஞ்சியங்களில் தானியம் இருந்தது. வெளியே உதவி கேட்டு மக்கள் எழுதிய கடிதங்களைத் தபாற் கந்தோரிலேயே தடுத்து வைத்தனர். நாடு முழுவதும் மாண்டோர் தொகையை ஆய்வாளர் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடிவரை பலவாறு கணிக்கின்றனர்.

உண்மை சொல்ல எவருமே இருக்கவில்லையா? இருந்தார். பாதுகாப்பு அமைச்சர் பெங் தெ ஹுவாய், கமக்காரர் வீட்டிலே பிறந்த போர்வீரர், தம் சொந்த ஊருக்குச் சென்று கண்டவர். 1959 யூலை 14ஆந் தேதி, லூஷான் மலையிலே நடந்த கட்சி மாநாட்டின்போது, மா சே துங்குக்குத் தனிப்பட்ட கடிதம் ஒன்றை எழுதினார். அடக்கமான கடிதம். மா அதனை அச்சிட்டு எல்லோருக்கும் வழங்கி, எழுதியவரைக் கட்சிக்கு எதிரானவராக்கினார். அமைச்சுப் பதவி போயிற்று. அதைவிடப் பெருங்கேடு ஒன்றுண்டு. பாய்ச்சலின் மிகைகளைத் திருத்துவதற்காகவே அம்மாநாடு கூடியது. கடிதத்துக்குப் பின்னர் திருத்தம் கேட்பதே துரோகமாயிற்று. பஞ்சம் இன்னும் ஈராண்டு நீடித்தது.

இதிலே பழைய சீனத்தின் நிழல் விழுவதையும் காண்க. 1566இல் ஹாய் ருய் என்ற அதிகாரி, அரச காரியத்தை மறந்து கிடந்த பேரரசனைக் கண்டித்து விண்ணப்பம் எழுதினார். எழுதுமுன் தமக்குச் சவப்பெட்டி வாங்கிவைத்தார். சிறை சென்றார், பேரரசன் இறந்ததனால் உயிர் தப்பினார். அவரை முன்மாதிரியாகக் கொள்ளுமாறு 1959இன் முற்பகுதியில் மாவே கூறினார். அதனை நம்பி, வூ ஹான் என்ற வரலாற்றாசிரியர் ஹாய் ருய் பற்றி எழுதிய நாடகம் 1961இல் மேடையேறியது. 1965 நவம்பரிலே அந்நாடகம் பெங்குக்காக வாதாடுகிறதென்று குற்றஞ்சாட்டி ஒரு கட்டுரை வெளிவந்தது. கலாசாரப் புரட்சி அங்கிருந்தே மூண்டது. வூ ஹான் 1969இல் சிறையில் மாண்டார்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருகின்றேன். 1952 டிசம்பரிலே இலங்கையும் சீனமும் பீக்கிங்கில் கைச்சாத்திட்ட இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தை மூத்தோர் அறிவீர்கள். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி என்பது அதன் முதல் ஏற்பாடு. இலங்கைக்கு நன்மை பயத்த ஒப்பந்தம். அதனைக் குறைகூற நான் வரவில்லை. அது புதுப்பிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது. 1959உம் 1960உம் அவ்வாண்டுகளுள் அடங்கும். 1959இல் மட்டும் சீனம் 40 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட தானியத்தைப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. வெளிநாட்டுக்குக் கொடுத்த வாக்குத் தவறலாகாது, உள்ளே பஞ்சமென்று உலகம் அறியலாகாது என்பது கொள்கை. கூப்பன் கொப்பியை எடுத்துக்கொண்டு சங்கக் கடை வாசலில் நின்ற நம் பாட்டிமாருக்கு, அளந்த அரிசி எந்த ஊர்க் களஞ்சியத்திலிருந்து வந்ததென்று தெரிய வழியில்லை. அயர்லாந்து வெண்ணெயை உண்ட இலண்டன்வாசிக்கு, விரும்பினால், பத்திரிகையிலே படித்தறிய வழியிருந்தது. விரிவுரை மண்டபத்திலே இத்தொகைகள் கரும்பலகையில் ஏறிய வேளையில், "சீன – மேலை ஒப்பீடு" என்ற தலைப்பு எனக்குத் தொலைவான தலைப்பாக இருக்கவில்லை.

பத்திரிகைச் சுதந்திரமும் எதிர்க்கட்சியும் உள்ள நாட்டிலே பெரும் பஞ்சம் நிகழ்வதில்லை என்று அமர்த்தியா சென் 1980களில் எழுதினார். சீனத்தின் இப்பஞ்சத்தையும் சுதந்திர இந்தியாவையும் எதிரெதிரே வைத்தே அவர் வாதாடினார். அதே சென், பஞ்சமில்லாத இந்தியாவிலே அன்றாடப் பட்டினியும் நோயும் ஓசையின்றிக் கொல்வோர் தொகை, எட்டாண்டுக்கொரு முறை சீனப் பஞ்சத்தின் பலியை எட்டிவிடும் என்றும் எழுதினார். முதற் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் பலர். அயர்லாந்தை நினைக்கும்போது, அவர் வாதத்துக்கு மேலும் ஒரு நிபந்தனை வேண்டுமென எனக்குத் தோன்றுகிறது. கேட்பவன் உன்னைத் தன்னவனாகக் கருதாவிடில், பேசும் உரிமை சோறாவதில்லை. ஆயினும் பேச்சே இல்லாவிடில், தன்னவனாகக் கருதுபவனுக்கும் நீ பசித்திருப்பது தெரியாது. மாவின் உள்ளத்தில் கமக்காரனுக்கு இடமில்லை என்று நான் சொல்லேன். அவர் காதிலே வயலின் உண்மை விழவில்லை. விழுந்தபோது அவர் கேட்க விரும்பவில்லை.

அண்மைக் காலத்திலும் இதன் சாயலைக் கண்டோம். 2019 டிசம்பர் 30ஆந் தேதி வூஹான் நகரக் கண் வைத்தியர் லீ வென்லியாங் புதிய நோய் பற்றித் தம் நண்பர்களை எச்சரித்தார். சில தினங்களுக்குள் பொலிசார் அவரை அழைத்துக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். 2020 பெப்ரவரி 7இல் அந்நோயாலேயே அவர் மாண்டார். எதையும் எழுதலாம், எதையும் பேசலாம் என்றிருந்த அமெரிக்காவிலே 2022 மே மாதத்துக்குள் பத்து இலட்சம் பேர் அதே நோய்க்குப் பலியாயினர்.

பாடநெறியிலே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெண்களைப் பற்றி ஒரே ஒரு வாரம்தான் பேசினோம். குளத்தின் நடுவிலே கல்லாக விழுபவன் எப்போதும் ஆணாகவே இருந்தான். பஞ்சத்திலே முதலில் விற்கப்பட்டவளும் கடைசியாக உண்டவளும் யார் என்பதைப் பேச நேரம் போதவில்லை.

இன்னும் ஒரு நிகழ்ச்சி. 1978 டிசம்பரில் அன்ஹுவெய் மாகாணத்தின் சியாவோகாங் என்ற சிற்றூரில், 18 கமக்காரர் இரவிலே ஒரு குடிசையிற் கூடினர். கம்யூன் நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துப் பயிரிடுவது, அரசின் பங்கைச் செலுத்திவிட்டு எஞ்சியதை அவரவர் வைத்துக்கொள்வது என்று ஓர் உடன்படிக்கை எழுதிக் கைநாட்டிட்டனர். சட்டப்படி அது குற்றம். ஆகவே, எவனேனும் சிறை சென்றாலோ கொல்லப்பட்டாலோ அவன் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் அதிலே சேர்த்தனர். இதனை எந்த உவமையில் அடக்குவது? ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிடுவது மேலை முறை. பிறன் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்பது குளத்து அலையின் முறை. அக்கமக்காரர் பெய் அவர்களின் நூலையும் படித்தவரல்லர், மில்லின் நூலையும் படித்தவரல்லர். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் வழியே நாட்டின் வழியாயிற்று. 1978இல் 30 கோடித் தொன்னளவில் இருந்த தானிய விளைச்சல் 1984இல் 40 கோடியைத் தாண்டியது. பெய் சியாவோ துங்கும் மீண்டும் பல்கலைக்கழகம் திரும்பினார். சமூகவியல் 1979இல் மீண்டும் உயிர்பெற்றது. 2005இல், 94ஆவது வயதில், அவர் காலமானார்.

மாண்டவர்களைப் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் எளிதாகவில்லை. சீன அரசின் செய்தி நிறுவனத்தில் பணியாற்றிய யாங் சிஷெங், 1959இல் தம் தந்தையைப் பசிக்குப் பறிகொடுத்தவர். அது தம் வீட்டுத் துயரம் மட்டுமே என்று அன்று எண்ணியிருந்தார். பல ஆண்டுகள் மாகாண ஆவணங்களைத் துருவி அவர் எழுதிய பஞ்ச வரலாறு, "கல்லறைக்கல்" என்ற பொருள்படும் பெயரோடு 2008இல் ஹொங்கொங்கில் வெளிவந்தது; சீனப் பெருநிலத்திலே அது தடைசெய்யப்பட்ட நூல். சின்யாங் பகுதியிலே ஒரு கமக்காரர், தம் ஊரிலே அப்பஞ்சத்தில் மாண்ட எழுபதுக்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தேடியெடுத்துக் கல்லிற் பொறித்து, அதனை 2004இல் தம் செலவிலே ஊரில் நாட்டினார்.